எல்சிட்டி, பூசான்: 101 மாடியில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

தென்கொரியாவின் பூசான் நகரத்தில் ஹேவுண்டே கடற்கரையின் கிழக்குக் கோடியில் மூன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. எல்சிட்டி என்று பெயர். பெரியது 101 மாடி, 411.6 மீட்டர். அந்த நாட்டில் இதைவிட உயரமானது தலைநகர் சியோலில் இருக்கிற 555 மீட்டர் லோட்டே வேர்ல்டு டவர் மட்டும்தான். மற்ற இரண்டும் ஆளுக்கு 85 மாடி, இரண்டிலும் சேர்த்து 882 வீடுகள். பெரிய கோபுரத்தில் கீழே ஹோட்டல், அதற்கு மேல் சர்வீஸ் அபார்ட்மென்ட் வகை வீடுகள், உச்சியில் பார்வைத் தளம். மூன்றையும் கீழே இணைக்கும் தாழ்வான கட்டடத்தில் நீர்ப் பூங்காவும் வெந்நீர்க் குளியலும். பூசான் போகிறவர்கள் யாரும் இதைப் பார்க்காமல் தப்ப முடியாது. உள்ளே போகலாமா என்பதுதான் கேள்வி.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சென்னை ஓ.எம்.ஆரில் 19 மாடி அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கிறேன். அங்கே சங்கச் செயலாளர். அதாவது லிஃப்ட் நின்றால், மோட்டார் புகைந்தால், மெயின்டனன்ஸ் பாக்கி விழுந்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். ஆகவே எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறான் என்று கண் தேடும். மகளும் மாப்பிள்ளையும் உல்சானில் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கார் தொழிற்சாலையின் தாய்வீடு அந்த ஊர்தான்; உதிரிபாக நிறுவனங்கள் மூலமாக நம் ஊர்ப் பையன்கள் அங்கே போய்வருவது வழக்கமாகிவிட்டது. உல்சானிலிருந்து பூசானுக்கு 2021 டிசம்பர் முதல் மின்சார ரயில் ஓடுகிறது. சின்ஹேவுண்டே நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடித்தால் சீக்கிரம் கடற்கரைக்கு வந்துவிடலாம். பூசான் நகருக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோ இரண்டாவது வழித்தடம். ஹேவுண்டே நிலையத்தில் இறங்கி, குனாம்ரோ என்கிற நடைவீதி வழியாக நேரே மணலுக்கு நடந்துவிடலாம்.

நாங்கள் போனது மே மாதம். மணல் சிற்பத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் கோட்டைகளும் முகங்களுமாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். கடற்கரை ஒன்றரை கிலோமீட்டர் நீளம். நம் மெரினாவை நினைத்துக்கொண்டு போனால் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் சுத்தம். நல்ல கழிப்பறை, கால் கழுவக் குழாய், எல்லாம் இலவசம். அங்கே நிற்கும்போது எல்சிட்டி கண்ணில் படுவதல்ல, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விடியற்காலையில் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுவதால் மணலின் கிழக்குப் பக்கம் கொஞ்ச நேரம் அதன் நிழலில்தான் கிடக்கிறது.

முதலில் பார்வைத் தளம். பூசான் எக்ஸ் தி ஸ்கை என்று பெயர், 98 முதல் 100 வரை மூன்று மாடி. பெரியவருக்கு 27,000 வோன். நம் காசுக்கு 1,600 ரூபாய்க்கு மேல். குடும்பமாகப் போனால் ஒரு நல்ல சாப்பாட்டுக் காசு. இணையத்தில் முன்கூட்டி எடுத்தால் கொஞ்சம் குறையும் என்பதால் மாப்பிள்ளை போனிலேயே எடுத்துவிட்டார். ஆனால் ஒன்று: அவசரப்பட்டு முந்தின நாளே எடுக்காதீர்கள். வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் சமயத்தில் குளிர்ந்த கடல் நீரின் மேல் சூடான ஈரக்காற்று வந்து படுவதால் ஹேவுண்டேயில் கடல்மூட்டம் வரும். வந்தால் மேலிருந்து ஒன்றும் தெரியாமல் போகலாம். மூட்டத்துக்கு மேலே கோபுர நுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுதான், ஆனால் மூட்டம் உச்சி வரை ஏறிவிட்டால் உள்ளே நிற்பவனுக்கு வெள்ளைச் சுவர்தான். மணலில் நின்று நிமிர்ந்து பாருங்கள். உச்சி துல்லியமாகத் தெரிந்தால் அங்கேயே போனை எடுத்து டிக்கெட் போடுங்கள்.

லிஃப்ட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கீழ்த்தளத்திலிருந்து 100-ஆவது மாடிக்கு 56 விநாடி. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் சுவரில் ஓடும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தரையைக் காலால் உணர்ந்துகொண்டிருக்கிறேன். கிளம்பும்போது உலுக்கல் இல்லை. நடுவில் காது அடைத்து, எச்சில் விழுங்கினால் திறந்துகொள்கிறது. நிற்கும்போதும் அந்த ‘டக்’ இல்லை. வேகமாகத் தூக்குவது பெரிய காரியம் இல்லை, அதற்குப் பெரிய மோட்டார் போட்டால் போதும். அந்த வேகத்திலிருந்து ஒருவருக்கும் தெரியாமல் இறக்கி நிறுத்துவதில்தான் வித்தை இருக்கிறது. கதவு திறந்ததும் என் மனைவி, “அதுக்குள்ள வந்துட்டமா?” என்றாள். ஒரு லிஃப்ட்டுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

100-ஆவது மாடியில் இறங்கி, பார்த்துக்கொண்டே 99, 98 என்று கீழே வரும்படி அமைத்திருக்கிறார்கள். 384 மீட்டர் உயரத்தில் தரையில் கண்ணாடி பதித்த ஒரு நடைமேடை. பேத்தி அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே ஓடும் கார்களுக்குக் கையசைத்தாள். மனைவி ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அவளை எழுப்புங்க, பார்க்கவே அடிவயிறு கலங்குது” என்று என்னைத் திட்டினாள். கண்ணாடித் தரை எல்லா ஊரிலும் வந்துவிட்டது. அதற்காக மட்டும் போக வேண்டாம். ஜன்னல்தான் விஷயம். தெற்கே முழுக்கக் கடல். வலப்பக்கம் திரும்பினால் வளைந்து போகும் மணல், அதன் முடிவில் டொங்பேக் தீவு, அங்கே 2005-இல் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாடு நடந்த வட்ட வடிவ நூரிமாரு மண்டபம், அப்புறம் மரீன் சிட்டியின் கோபுரக் கூட்டம், அதற்குப் பின்னால் குவாங்கான் பாலம். கீழே நின்றபோது அண்ணாந்து பார்த்த மணல் சிற்பங்களை மேலிருந்து தேடினோம், கண்டுபிடிக்கவே முடியவில்லை. வானம் தெளிந்த நாளில் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஜப்பானின் சூஷிமா தீவு தெரியும். “அதோ பாருங்க மாமா, அதுதான் சூஷிமா” என்று மாப்பிள்ளை ஒரு கோட்டைக் காட்டினார். நான் பார்த்தது தீவா மேகமா என்று கோவிலில் கற்பூரம் அடித்துச் சொல்ல மாட்டேன்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏறினால் பகல், அந்தி, இரவு மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். பாலத்தின் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம்தான் இங்கே கொடுக்கிற காசுக்கு நியாயம். 99-ஆவது மாடியில் ஒரு ஸ்டார்பக்ஸ் இருக்கிறது. உட்கார்ந்து கால் ஆற்றிக்கொள்ள நல்ல இடம். ஃபில்டர் காபி வீட்டுக்காரர்கள் அதைக் காபிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மேலே நின்றால் ஊரே தெரியும், இந்தக் கட்டடம் மட்டும் தெரியாது. இதை மதிப்பிட வேண்டுமானால் இறங்கி வந்து கீழே நடக்க வேண்டும்.

கீழே முதலில் காற்று. அன்று கடற்கரையில் சுமாரான காற்றுதான், சிற்பங்களின் மணல்கூட உதிரவில்லை. கோபுரங்களுக்கு இடையே நடந்ததும் மனைவியின் துப்பட்டா நேராக நீட்டிக்கொண்டு நின்றது. உயரத்தில் வேகமாக வரும் காற்று முகப்பில் மோதி, போக இடமில்லாமல் கீழே வழிந்து, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இருக்கிற சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. ‘கட்டடக் காற்று’ என்று கொரியர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பூசான் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளோடு வந்து இந்த வட்டாரத்தில் அளந்திருக்கிறார்கள். 2018 அக்டோபரில் காங்ரே புயல் வந்தபோது, கட்டிக்கொண்டிருந்த இந்தக் கோபுரங்களின் கண்ணாடிகள் நூற்றுக்கணக்கில் உடைந்தன. 2020 செப்டம்பரில் மேசாக், ஹைஷென் என்று ஒரே வாரத்தில் இரண்டு புயல்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடையில் பெயர்ப்பலகையைக் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் மணல் மூட்டை வைத்திருந்ததைப் பார்த்தேன். புயல் இல்லாத மே மாதத்தில்! உச்சியில் வீடு வாங்கியவனுக்குக் கடல் கிடைத்தது, தெருவில் கடை வைத்தவனுக்குக் காற்று கிடைத்தது.

எப்படி இவ்வளவு உயரம், அதுவும் அலைக்கு இத்தனை பக்கத்தில்? நம் ஈ.சி.ஆரில் சி.ஆர்.இசட். என்கிற கடலோரக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி ஒரு மாடி கூடப் போட முடியாமல் அலைகிறவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே வரும். ஹேவுண்டேயிலும் கட்டுப்பாடு இருந்தது. கடற்கரை ஓரத்தில் 60 மீட்டருக்கு மேல் கூடாது. சுற்றுலா வளாகம் வரப்போகிறது, ஊருக்கு வருமானம் என்று சொல்லித்தான் திட்டம் தொடங்கியது. ஆரம்பத் திட்டத்தில் குடியிருப்பு கிடையாது. 2009-இல் உயர வரம்பையும் விலக்கி, வீடு கட்டிக்கொள்ளவும் வழிவிட்டார்கள். 2013-இல் அடிக்கல், 2015-இல் சீன ஒப்பந்த நிறுவனம் விலகி, கொரியாவின் போஸ்கோ கட்டுமான நிறுவனம் உள்ளே வந்தது. 2016 நவம்பரில் திட்டத்தை நடத்திய தொழிலதிபர் கைதானார். விசாரணை ஜனாதிபதி மாளிகையின் முன்னாள் செயலர் வரை போய், இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. 2018 மார்ச்சில் 55-ஆவது மாடி உயரத்தில் வெளிப்புறச் சாரக் கூண்டு கழன்று விழுந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். வளாகத்தில் சுற்றி வந்தவரையில் அவர்களுக்கான கல்வெட்டு எதுவும் என் கண்ணில் படவில்லை.

இனி எனக்கு மிகவும் பரிச்சயமான பகுதி. 2019 முடிவில் கட்டி முடித்தார்கள். 2020 ஜூனில் சிக்னியல் ஹோட்டல், ஜூலையில் பார்வைத் தளம் திறந்தன. சுற்றுலா, சுற்றுலா என்று சொன்னார்களே, அந்த நீர்ப் பூங்கா? 2023 ஜூலையில் வந்தது. வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சிக் குடியேறி மூன்று வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பில்டர் கிளப் ஹவுஸ் ஃபேஸ் டூவில் வரும் என்று சொல்லி ஃபிளாட்டை எல்லாம் விற்று முடித்த கதையை 101 மாடி உயரத்துக்கு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். வித்தியாசம், இங்கே உண்மையிலேயே வந்துவிட்டது.

அந்த நீர்ப் பூங்காவின் பெயர் கிளப் டி ஒயாசிஸ். சொல்லப்போனால் எல்சிட்டியில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். ஹேவுண்டேயில் பழைய காலத்திலிருந்தே உப்புக் கரிக்கிற வெந்நீர் ஊற்று உண்டு. ராஜாக்கள் காலத்திலிருந்து குளிக்க வருகிற இடம். அந்த ஊருக்குப் போய் வெந்நீரில் இறங்காமல் வருவது குற்றாலம் போய் ஓட்டல் ஷவரில் குளிப்பதற்குச் சமம். ஒரு எச்சரிக்கை: கொரியக் குளியலறைப் பகுதியில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனி இடம், உள்ளே துணி கிடையாது. கூச்சப்படுகிறவர்கள் நீச்சல் உடையோடு இறங்கும் குளங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பேத்தி அங்கேயிருந்து வெளியே வர மறுத்துவிட்டாள். முட்டி வலிக்காரனான நான் அவளைக் கண்டிக்கவில்லை.

சிக்னியலில் நாங்கள் தங்கவில்லை. 260 அறை, 3 முதல் 19 வரை மாடி. ஆறு நட்சத்திரத் தோரணை. வாடகையைப் போனில் பார்த்துவிட்டு மூடிவைத்தோம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 101 மாடிக் கட்டடத்தில் தங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, அறை இருப்பது நம் ஓ.எம்.ஆர். உயரத்தில்தான். அதற்கு மேலே 22 முதல் 94 வரை குடியிருப்பு அறைகள். மணலும் அலையும் கண்ணுக்கு நேராகத் தெரிய 10-ஆவது மாடிதான் உண்மையில் நல்லது. 90-இல் கடல் நீலத் தாளாகிவிடும். ஆகவே இதைக் குறையாகச் சொல்லவில்லை. உயரத்துக்காகக் காசு கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

வீட்டு விலை கேட்பீர்கள். கொரியாவில் பியோங் கணக்கு. ஒரு பியோங் 3.3 சதுர மீட்டர், ஏறத்தாழ 35 சதுர அடி. 2015-இல் விற்பனைக்கு விட்டபோது சராசரியாகப் பியோங்குக்கு 2.7 கோடி வோன். அன்றைய மாற்று விகிதத்தில் சதுர அடி நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகும். “இங்க ஒரு பாத்ரூம் வாங்கலாம் மாமா” என்றார் மாப்பிள்ளை.

நான் விலையை விடத் தீயைப் பற்றித்தான் யோசித்தேன். 2010 அக்டோபரில் இங்கிருந்து பார்த்தால் தெரிகிற மரீன் சிட்டியில் ஒரு 38 மாடிக் கட்டடம் தீப்பிடித்தது. நாலாவது மாடியில் பிடித்த தீ வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அலுமினிய கூட்டுத் தகடு வழியாக உச்சிக்கு ஏறிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பினார்கள். கொரியாவில் உயர்மாடிச் சட்டங்கள் இறுகியதற்கு அது ஒரு பெரிய காரணம். 50 மாடியையோ 200 மீட்டரையோ எட்டினால் அதிகபட்சம் 30 மாடிக்கு ஒரு பாதுகாப்புத் தளம் விட வேண்டும்; தீ என்றால் ஜனங்கள் தரை வரை இறங்க வேண்டியதில்லை, அந்தத் தளத்துக்கு வந்து காத்திருக்கலாம். நம் ஊரிலும் ரெஃப்யூஜ் ஏரியா என்று வரைபடத்தில் இருக்கும். எங்கள் கட்டடத்தில் அதில் இரண்டு சைக்கிள், ஒரு பழைய ஃபிரிட்ஜ், யாருடையது என்று தெரியாத கொலுப்படி.

வெளியே வரும்போது குடியிருப்புக் கோபுரத்தின் வாசலில் ஒரு பெரியவர் காவலுக்கு நின்றார். இங்கே சங்கம் உண்டா, மெயின்டனன்ஸ் எப்படி வசூலிக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லி மாப்பிள்ளையை நச்சரித்தேன். அவருக்குக் கூச்சம், இருந்தாலும் கேட்டார். அந்தப் பெரியவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் ஆபீஸில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்றார். பிறகு என்னைக் காட்டி, இவருக்கு எதற்கு என்று விசாரித்திருக்கிறார். எங்கள் மாமாவும் ஒரு கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னதும் எத்தனை மாடி, எத்தனை லிஃப்ட் என்று கேட்டார். 19 மாடி, நாலு லிஃப்ட், அதில் ஓடுவது இரண்டு என்று உள்ளதைச் சொல்லச் சொன்னேன். பெரியவர் தொப்பியைக் கழற்றி எனக்குத் தலை குனிந்தார். அது மரியாதையா அனுதாபமா என்று மாப்பிள்ளை மொழிபெயர்க்கவில்லை.

சாப்பாடு. பூசான் மீனும் பன்றி எலும்புச் சூப்பும் மணக்கும் ஊர். சைவக்காரர்கள் கஷ்டப்படுவார்கள், ஆனால் பட்டினி கிடக்க மாட்டார்கள். சோறும் காய்கறியும் கலந்து சாப்பிடுகிற பிபிம்பாப் கடையில் ‘கோகி பேகோ’ என்றால் கறி இல்லாமல் தருவார்கள்; முட்டையும் வேண்டாம் என்றால் ‘கேரான் பேகோ’. கூட வருகிற தெளிவான சூப்பைத் தொடாதீர்கள். ஒரு கடையில் காய்கறிச் சூப் என்று சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைத்தார்கள், கரண்டியை விட்டால் அடியில் நெத்திலித் தலை. ஹேவுண்டே சந்தையில் விதைகள் அடைத்த ஹொட்டொக் வாங்குங்கள். மைதா மாவு, உள்ளே சர்க்கரைப் பாகு, சூரியகாந்தி விதை. சுடச்சுடக் காகிதக் குவளையில் வைத்துத் தருகிறார்கள். கடித்தவுடன் பாகு நாக்கைச் சுடும், பொறுமை வேண்டும்.

கடைசியாக ஒரு போட்டியாளர். எல்சிட்டிக்கு ஒட்டினாற்போல மிபோ என்கிற சின்ன மீன்பிடித் துறை. 2013-இல் ரயில் பாதையை உள்நாட்டுப் பக்கம் மாற்றியபோது கடலோரமாகப் போன பழைய தண்டவாளம் சும்மா கிடந்தது. அதை எடுத்து 2020-இல் புளூலைன் பார்க் ஆக்கிவிட்டார்கள். கீழே 4.8 கிலோமீட்டர் சொங்ஜொங் கடற்கரை வரை மெதுவாகப் போகும் ரயில். அதற்கு மேலே தூண்களில் நாலு பேர் உட்காரும் வண்ண வண்ண கேப்ஸ்யூல்கள், வழியில் இருக்கிற சொங்சாபோ துறை வரை. ஏறத்தாழ அரை மணி நேரம், நடக்கிற வேகம், கால் பக்கத்தில் பாறையும் அலையும். காசு தலைக்கு அல்ல, கேப்ஸ்யூலுக்கு. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எது என்று மனைவியிடம் கேட்டேன். யோசிக்காமல் கேப்ஸ்யூல் என்றாள். எனக்கு அந்த லிஃப்ட்டுக்காகவே கோபுரம். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் அவள் பேச்சைக் கேட்பது நல்லது. வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போனால் கேப்ஸ்யூல் கிடைக்காது, ரயில்தான் மிஞ்சும். அதுவும் மோசமில்லை, இருக்கை எல்லாம் கடலைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.